பட்டன் காணாமல் போன காலை

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்களாமேக்கா?" என்று மாடி வீட்டுக்காரி மருந்துக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். கையில் இருமல் மருந்து, வாயில் என் மருமகள்.

"யாரை?" என்றேன்.

"உங்க மருமகளைத்தான். கண்ணாஸ்பத்திரி வெப்சைட்டைக் கெடுத்துட்டாளாம். கம்பெனியில இனிமே வராதேன்னு சொல்லிட்டாங்களாம். அன்னைக்கு உங்க வீட்டுல அழுகைச் சத்தம்கூடக் கேட்டுச்சே."

"கேட்டுச்சுல்ல? இறங்கி வந்து கதவைத் தட்டி என்னன்னு கேட்டிருக்கலாமே. காதை மட்டும் கீழே அனுப்பிட்டு நீ மேலேயே இருந்துட்ட."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவள் முகம் சுருங்கிப் போனது. சுருங்கட்டும். அழுதது உண்மை, நான் மறைக்கவில்லை. வெப்சைட் கெட்டது பாதி உண்மை. துரத்தினார்கள் என்பது மட்டும் கடைந்தெடுத்த பொய். அதற்கு மேல் என் மருமகளை நான் கொடுமைப்படுத்தி அழவைத்ததாக இன்னொரு கதை இரண்டாம் மாடியில் ஓடுகிறதாம். அதையும் சேர்த்து இன்றைக்கே பேசி முடித்துவிடுகிறேன். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னால்தான் இவர்கள் வாய் ஓயும்.

என் மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். வெறுமனே நகல் எடுக்கிற வேலை இல்லை. பில் புத்தகம், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவாக அமைத்துக் கொடுப்பாள். ஓர் எழுத்து ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. இங்கே வந்த புதிதில் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வாரியாக அடுக்கிவைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உப்பு எங்கே போனது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, உப்பு எங்கே?"

"அது குட்டை டப்பா அத்தை, கடைசியில இருக்கும்."

"சமைக்கிறவளுக்கு உப்பு முதல்ல வேணும். குட்டையோ நெட்டையோ, முன்னால வை."

வைத்தாள். ஆனால் அந்த ஒரு டப்பா வரிசையில் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் கொஞ்சம் துடிக்கும். அப்படிப்பட்ட பெண்.

பேத்தி பிறந்து தவழ ஆரம்பித்த சமயத்தில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இவள் சும்மா உட்காரவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போனில் பாடம் பார்த்தாள். வெப்சைட் செய்கிற வேலையை அப்படியே கற்றுக்கொண்டாள். நாலைந்து பேர் வேலை பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி இவளுக்கு வீட்டிலிருந்தே செய்யும்படி வேலை கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

எங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, சமையலறை. முன் அறையில் டிவியும் பேத்தியும். உள் அறையில் கட்டிலும் பீரோவும் போக நிற்க இடமிருக்காது. அதனால் சமையலறையில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு மேசை போட்டுக்கொண்டாள். பிரிட்ஜ் கதவைத் திறந்தால் அவள் தலை குனிய வேண்டும். பிரிட்ஜ் உறுமினால் போனில் சத்தமாகப் பேச வேண்டும். என் மகன் லிப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்று, "என்ன பிரிட்ஜ் மேனேஜர், தண்ணி பாட்டிலுக்கு உங்க அனுமதி கிடைக்குமா?" என்பான். அவளும் சிரிப்பாள்.

ஆனால் ஒருநாள் அப்படிக் குனிந்து நிமிர்ந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, எனக்கு ஒரே ஒரு ஆசைதான். 'கொஞ்சம் நகரு, பால் எடுக்கணும்'னு யாரும் சொல்லாத இடத்துல உக்காந்து வேலை பாக்கணும். எனக்குன்னு ஒரு மேசை. காலையில கிளம்பிப் போகணும், சாயங்காலம் திரும்பி வரணும்."

நான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நானே தினமும் பத்துத் தடவை நகரச் சொல்கிறவள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வேலையைப் பற்றி நான் சொல்வதெல்லாம், பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் சொன்னது இது. வெப்சைட்டில் எழுத்தும் படமும் ஒரு பக்கம். அவற்றுக்கு என்ன நிறம், எவ்வளவு இடைவெளி, எது எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது இன்னொரு பக்கம். அதற்கு சிஎஸ்எஸ் என்று பெயர். எல்லாவற்றையும் தனியாக ஒரு நீளமான பட்டியலாக எழுதி வைப்பார்கள். ஒரு வெப்சைட் பெரிதாகிவிட்டால் அந்தப் பட்டியலுக்குள் எது எதைப் பிடித்திருக்கிறது என்று எழுதியவளுக்கே தெரியாது. ஓரிடத்தில் தலைப்பைப் பெரிதாக்கினால் வேறெங்கோ ஒரு பெட்டி சரிந்து விழும்.

"சட்டைக்குப் பட்டன் தைச்சா பாவாடை கிழியுது அத்தை," என்பாள்.

"அப்ப ரெண்டையும் ஏண்டி சேத்துத் தைக்கிற?"

"சேத்துத் தைக்கலை அத்தை. அதுவா ஒட்டிக்குது."

இந்தத் தொல்லைக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு லைப்ரரியாம். யாரோ முன்கூட்டியே சின்னச் சின்னச் சொற்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொல் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒன்று இடைவெளி விடும். ஒன்று எழுத்தைத் தடிப்பாக்கும். ஒன்று பின்னால் நீலம் பூசும். ஒன்று பெட்டிகளை வரிசையில் நிறுத்தும். எந்தப் பெட்டிக்கு என்ன வேண்டுமோ, அந்தப் பெட்டியின் மேலேயே அந்தச் சொற்களை எழுதிவிட்டால் போதும். நீளப் பட்டியலுக்கு ஓட வேண்டாம். இந்தப் பெட்டியைத் தொட்டால் அந்தப் பெட்டி விழாது.

போனுக்கு ஒரு மாதிரி, பெரிய கம்ப்யூட்டருக்கு ஒரு மாதிரி என்று மாற்றுவதும் அதே சொற்களில்தான். முதலில் போனுக்கு வை. பிறகு, திரை இவ்வளவு அகலமானால் இப்படி, அதைவிட அகலமானால் அப்படி என்று சொல்லுக்கு முன்னால் ஒரு துணுக்கைச் சேர்த்துக்கொண்டே போ. இது எனக்கு உடனே புரிந்தது. இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று இடுக்கில் வைத்துப் பார்த்து அல்லாடியவள் நான். சின்ன இடத்தில் பொருத்திவிட்டால் பெரிய இடத்தில் பரப்புவது ஒரு வேலையா? அதுவரை இவர்கள் பெரியதற்குச் செய்துவிட்டுச் சின்னதில் போட்டு அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முன்னமே என்னைக் கேட்டிருக்கலாம்.

முதல் பக்கத்தை முடித்துவிட்டு என் மகனைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினாள். "இந்தப் பக்கத்தோட ஓரத்தைப் பிடிச்சு இழுங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினான். வரிசையில் நாலாக நின்ற பெட்டிகள் இரண்டிரண்டாக நின்றன. இன்னும் தள்ளினான். ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கி நின்றன. வெளியே இழுத்தான். மறுபடி நாலு.

"அட, லிப்ட் கதவு மாதிரி நல்லா ஓடுதே! எங்கேயும் இடிக்கலையே!"

அவன் அப்படி யாரையும் பாராட்டுகிறவன் இல்லை. நான் செய்கிற குழம்பையே "பரவாயில்லை" என்பான். அன்றைக்கு நெடுநேரம் இழுத்து இழுத்து விளையாடினான். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வற்றியது.

முதலாளிக்குத்தான் பிடிக்கவில்லை. போனில் அவர் குரல் எனக்கே கேட்டது. "என்னம்மா இது, ஒரு பட்டனுக்கு இவ்வளவு சொல்லு ஒட்டி வெச்சிருக்கே? தெருச்சுவத்துல நோட்டீஸ் ஒட்டின மாதிரி இருக்கு. படிக்கவே கண்றாவியா இருக்கு. குப்பை!"

"பாக்க அப்படித்தான் சார் இருக்கும். ஆனா வேலை சீக்கிரம் முடியுது. எதுவும் உடையறதில்லை."

"என்னவோ பண்ணு. ஏதாவது ஆச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதே."

அந்தச் சமயத்தில்தான் கண்ணாஸ்பத்திரி வேலை வந்தது. புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அதற்குள் வெப்சைட்டைப் புதிதாக்க வேண்டும். முக்கியமாக, டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கிற பக்கம். பழைய பக்கம் போனில் சரியாகவே வராது. இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்க வேண்டும். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு அப்படி ஒரு பக்கம்! ஆஸ்பத்திரி நிர்வாகி ஒரு பெண்மணி. குரலிலேயே ஒரு கண்டிப்பு இருக்கும். என் மருமகள் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்வதைப் பார்த்து, ஒருநாள் தானாகவே சொன்னார்: "எங்களுக்கே சொந்தமா ஒரு ஆள் வேணும்மா. எல்லாக் கிளைக்கும் பாத்துக்கிற மாதிரி. இந்த வேலை நல்லபடியா முடியட்டும், பேசுவோம்."

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம். நானும் கேட்கவில்லை. அந்த வேலையில் அவள் மேசை இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அவள் தலை பிரிட்ஜ் கதவில் இடித்தாலும் தெரியாத மாதிரி வேலை செய்தாள். நேரம் குறிக்கிற பக்கத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் வரிசையாகப் பெட்டிகள். காலியாக இருக்கிற நேரம் பச்சை. நிரம்பிவிட்டது சாம்பல். கீழே பெரிதாக ஒரு பச்சைப் பட்டன், வெள்ளை எழுத்தில் 'பதிவு செய்'. போனில் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் அதை வைத்தாள். நான்கூட அழுத்திப் பார்த்தேன். முதலாளி எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே முடித்தாள். அனுப்புவதற்கு முந்தின நாள், வேலைக்காக அங்கங்கே போட்டு வைத்திருந்த தேவையில்லாத பக்கங்களை எல்லாம் அழித்துச் சுத்தமாக்கினாள். எதையும் ஒழுங்காக வைக்காமல் அவளால் ஓர் இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியாது.

மறுநாள் காலையில் புதுப் பக்கம் எல்லார் போனுக்கும் போனது. இவள் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தாள். நான் காபி கலந்து கொடுத்தேன். அவள் வாயில் வைப்பதற்குள் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற பெண். "மேடம், பட்டனே இல்லைன்னு எல்லாரும் கூப்பிடறாங்க. எது காலி, எது காலி இல்லைன்னும் தெரியலையாம். எல்லாம் வெள்ளையா இருக்காம்."

"இருக்காதே," என்று சொல்லிக்கொண்டே இவள் தன் போனில் திறந்தாள். பெட்டிகளுக்கு நிறம் இல்லை. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இவள் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். அங்கே ஒரு நீலப் பட்டை வந்தது. அதற்குள் 'பதிவு செய்' என்று எழுத்து தெரிந்தது.

"பட்டன் போகலை அத்தை. இங்கதான் இருக்கு. பின்னால இருந்த பச்சை போயிடுச்சு. வெள்ளை மேல வெள்ளையா எழுத்து நிக்குது."

கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் அதே கதி. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சே, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த போன் முதலாளியிடமிருந்து. "அந்தக் குப்பை வேணாம்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? பழைய பக்கத்தையே திரும்பப் போடச் சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள என்னன்னு கண்டுபிடி. இல்லைன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துப் பழைய முறையில எழுதச் சொல்லிடுவேன்."

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தக் கட்டடத்தில் குளியலறைக் குழாய் வழியாகத்தான் எல்லா வீட்டுச் சேதியும் மேலே போகிறது. மாடி வீட்டுக்காரிக்குக் கேட்டது அதுதான். என்னால் வந்த அழுகை இல்லை. போதுமா?

வெளியே வந்தாள். நான் விடவில்லை.

"நேத்து இருந்துச்சு, இன்னைக்கு இல்லை. நடுவுல என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலை அத்தை."

"ஒண்ணும் செய்யாம எப்படிப் போகும்? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டுத்தான் அத்தை இருக்கேன்."

"நேத்து மத்தியானம் நான் பாக்கிறப்போ பச்சை இருந்துச்சு. அதுக்கப்புறம் என்ன செஞ்சே?"

"ஐயோ, சும்மா இருங்களேன் அத்தை!"

என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வேறொரு மாமியாராக இருந்தால் அந்த இடத்தில் கோபித்துக்கொண்டு முன் அறைக்குப் போயிருப்பாள். எனக்குக் கோபப்பட நேரமில்லை.

"சும்மா இருக்க மாட்டேன். என்ன செஞ்சே?"

"பெருக்கினேன்! போதுமா? வேண்டாத பக்கத்தையெல்லாம் பெருக்கித் தள்ளினேன். வேற ஒண்ணும் செய்யலை!"

"எந்தப் பக்கத்தை?"

"நிறமெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்க ஒரு மாதிரிப் பக்கம் வெச்சிருந்தேன், அதை…"

அங்கேயே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்தாள். நாற்காலியை இழுத்த வேகத்தில் பிரிட்ஜின் மேல் இருந்த முட்டைத் தட்டு ஆடியது. நான்தான் போய்ப் பிடித்தேன்.

அவள் அப்புறம் நிதானமாகச் சொன்னதை நானும் நிதானமாகச் சொல்கிறேன். அந்த லைப்ரரியில் ஏகப்பட்ட சொற்கள். எல்லாவற்றையும் அனுப்பினால் நோயாளியின் போனில் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகும். அதனால் வெளியே அனுப்புவதற்கு முன், எல்லாப் பக்கங்களையும் அது ஒரு தடவை துழாவிப் பார்க்கும். எந்தச் சொல் முழுதாக எழுதியிருக்கிறதோ அதை மட்டும் மூட்டையில் கட்டும். மற்றதை விட்டுவிடும். இவள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்திருந்தாள். பின்னால் பூசு என்பதை ஓரிடத்திலும், பச்சையா சாம்பலா என்பதை வேறோர் இடத்திலும் எழுதி, நோயாளி பக்கத்தைத் திறக்கிற நேரத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்படி வைத்திருந்தாள். துழாவுகிற நேரத்தில் அது இரண்டு துண்டாகத்தானே கிடக்கும்? இரண்டும் பின்னால் சேரப் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? வேண்டாதது என்று விட்டுவிட்டது. வெள்ளை எழுத்து என்கிற சொல் முழுதாக இருந்ததால் அது மட்டும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் முந்தின நாள் வரை எப்படிப் பச்சை வந்தது? அந்த மாதிரிப் பக்கத்தில் எல்லா நிறத்தையும் அவள் முழுச் சொல்லாக எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்து லைப்ரரி கட்டிக்கொண்டது. இவள் சுத்தம் பார்த்து அதை அழித்தாள். பச்சையும் அதோடு போனது. கண்டபடி போட்டு வைத்திருக்கிற ஒருத்தி செய்திருந்தால் அந்தப் பக்கம் அங்கேயே கிடந்திருக்கும், எல்லாம் நன்றாக நடந்திருக்கும். இவளுடைய ஒழுங்குதான் இவளைக் கவிழ்த்தது.

துண்டாக இருந்ததை எல்லாம் முழுச் சொல்லாக எழுதினாள். காலி என்றால் இது, நிரம்பியது என்றால் அது. மறுபடி அனுப்பினாள். தன் போன், என் போன், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலும் திறந்து பார்த்தாள். பச்சை வந்திருந்தது. அந்தப் பச்சையை நான் மறக்க மாட்டேன். அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. காலையில் கலந்த காபி ஏடு கட்டி அப்படியே இருந்தது. அதையே எடுத்து மடமடவென்று குடித்தாள். இதில் எனக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தது அவள். ஆனால் நச்சரித்தது நான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். முதலாளி முடியவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்த லைப்ரரியே கோளாறு பிடித்தது, இனிமேல் பழைய முறையில் எழுதித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார். இவளுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் அந்த அம்மாகிட்ட பேசப் போறேன்," என்றாள். "தப்பு என்னோடதுன்னு சொல்லப் போறேன்."

என் மகன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "உனக்கென்ன பைத்தியமா? அவர்தான் லைப்ரரி மேல பழியைப் போட்டுட்டாரே. லைப்ரரி என்ன, வந்து அழப்போகுதா? வேலை கிடைக்கப் போற நேரத்துல ஏன் நீயா போய் மாட்டிக்கிற?"

"அது தப்பே பண்ணலைங்க. எப்படிச் செய்யும்னு முன்னாடியே சொல்லித்தான் வெச்சிருக்காங்க. நான்தான் படிக்காம விட்டுட்டேன். இப்ப இவர் பேச்சைக் கேட்டுப் பழைய முறைக்குப் போனா, அந்தப் பக்கம் மறுபடியும் போன்ல உடையும். கண்ணு தெரியாதவங்கதான் அவதிப்படுவாங்க."

"சொன்னா வேலை போச்சு."

"போனா போகட்டும்."

போகட்டும் என்று வாய் சொன்னது. கை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ஆனால் நான், "பேசு" என்றேன்.

பேசினாள். பெருக்கினது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். கடைசியில், "சரிம்மா, பாக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும் இல்லை, முதலாளியிடமிருந்தும் வேலை இல்லை. மேசையில் கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது. பிரிட்ஜை எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கலாம், யாரும் குனிய வேண்டாம். எனக்கு அதைத் திறக்கவே பிடிக்கவில்லை. இவள் வீட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்து எடுத்துத் துடைத்தாள். உப்பு டப்பாவைக்கூடக் கடைசிக்கு நகர்த்தினாள். நான் அங்கிருந்தே எடுத்துக்கொண்டேன். துரத்திவிட்டார்கள் என்று கட்டடத்தில் பேச ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

ஒரு காலை, அவள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். மேசையில் விட்டுப்போன போன் அடித்தது. எனக்குப் பச்சை வட்டத்தை இழுக்கத் தெரியும். ஈரக் கையோடு இழுத்தேன்.

"யாரு பேசறது?" கண்டிப்பான குரல்.

"அவளோட அத்தை பேசறேன்."

"நான் கண்ணாஸ்பத்திரியில இருந்து பேசறேன். அவங்க இல்லையா?"

"இருக்கா, இருக்கா! வெச்சிடாதீங்கம்மா, கையோட கூட்டிட்டு வரேன்!"

இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அத்தனை படியும் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே போய்ப் போனை நீட்டினேன். அவள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு வாங்கினாள். ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் காதோடு என் காதையும் ஒட்டி வைத்தேன்.

"எங்களுக்கு இதுவரைக்கும் இந்த வேலை செஞ்ச எல்லாரும், நெட் சரியில்லை, போன் சரியில்லைன்னுதான் சொல்லியிருக்காங்க. 'நான் பெருக்கினேன், அதனால போச்சு'ன்னு சொன்னது நீ ஒருத்திதாம்மா. வேலைக்கு ஒப்புதல் வாங்க நாளாயிடுச்சு. வர திங்கட்கிழமை வந்துடு. அந்தப் பக்கத்தை மாத்த வேணாம், அப்படியே இருக்கட்டும். மத்தக் கிளைக்கும் அதே மாதிரி செய்."

"சரி மேடம்," என்றாள். "சரி மேடம்" என்று இன்னொரு தடவை சொன்னாள். போன் அணைந்த பிறகும் "சரி மேடம்" என்றாள். பிறகு கொடியில் தொங்கிய போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. காற்று அடிப்பதே அப்போதுதான் தெரிந்தது.

முதலாளியிடம் அவளே போன் செய்து சொன்னாள். சத்தம் போடுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள். அவரோ, "நல்ல இடம்தான், போ," என்றார். "போறதுக்கு முன்னாடி அந்தக் குப்பையை நம்ம ஆளுங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்துட்டுப் போம்மா." சிரிப்பை அடக்க அவள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பேத்திக்கு ஜடை பின்னுவது யார், கேஸை அணைத்தது யார், சாப்பாட்டு டப்பாவின் மூடி எங்கே. என் மகன் வாசலில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு, "மேனேஜர் மேடம், முதல் நாளே லேட்டா?" என்று கத்தினான். அவனுக்கு வேறு திசையில் வேலை. பஸ் நிறுத்தம் வரை விடுவதாகச் சொல்லியிருந்தான். இவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள், கண்ணாடி பார்த்தாள், பையை எடுத்தாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

"போயிட்டு வா. பாத்து இறங்கு."

கதவைத் தாண்டிப் படியில் இறங்கினாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அவள் காலைக் கவனித்தேன்.

"ஏய், நில்லுடி! ஒரு கால்ல உன் செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு!"

படித் திருப்பத்தில் நின்று குனிந்து பார்த்தாள். எழுத்து ஒரு நூல் சாய்ந்தால் சோறு இறங்காதவள், ஏறி வந்து மாற்றிக்கொண்டு போவாள் என்று நினைத்து நான் அவளுடைய இன்னொரு செருப்பைத் தேடக் குனிந்தேன். கீழேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"இருக்கட்டும் அத்தை, பஸ் போயிடும்! மேசைக்கு அடியில யாருக்குத் தெரியப் போகுது!"